தைப்பிங் அக்காவின் பெரிய படம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தைப்பிங்கிலிருந்து வாடகை வேனில் வந்தார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. நானும் அம்மாவும் ஈப்போ புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது அப்பாவுக்கு வேலை போனது. அடுத்த வருடமே அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, கச்சாங் பூத்தே என்கிற கடலை, முறுக்கு வகைகள் போடும் வீடொன்றில் முறுக்குப் பிழியும் வேலையில் சேர்ந்தார்.

மாப்பிள்ளை, அவனுடைய அக்கா, கூட நாலைந்து சொந்தக்காரர்கள். மாதாகோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அந்த அக்காவுக்கும் அவள் தம்பிக்கும் மரியாதை விகுதி போட்டு எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை. அவள், அவன் என்றே எழுதுகிறேன்.

தரகர் மூலமாக என் படம் முன்பே அவர்களுக்குப் போயிருந்தது. ஸ்டூடியோக்காரர் என் முகத்தில் பவுடரை அப்பி, இரண்டு பக்கமும் விளக்கை வைத்து எடுத்து, பிறகு பிலிமிலும் பென்சிலால் எதையோ தேய்த்துக் கொடுத்த படம். அப்படிச் செய்யச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் அவர் அப்படித்தான் செய்தார்.

நான் காப்பித் தட்டோடு வந்து நின்றதும், அக்காக்காரி கைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தாள். எழுந்து வந்து, துணிக்கடையில் நூலுக்கு நிறம் பார்ப்பதுபோல அதை என் கன்னத்தை ஒட்டிப் பிடித்தாள்.

"படத்துல ஒரு பொண்ணு, நேர்ல ஒரு பொண்ணு. எந்தப் பொண்ணக் கட்டிக் குடுக்கப் போறீங்க?"

வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை. உத்தரத்தில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா முறுக்குத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினார். போகும்போது முறுக்கை மட்டும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார்கள். படத்தையும் திருப்பித் தரவில்லை.

தைப்பிங்கில் மாதாகோவில் வாசலில் அவள் அந்தப் படத்தைக் கைக்குக் கை கொடுத்து, "ஈப்போக்காரங்க எப்படி ஏமாத்தப் பாத்தாங்க பாருங்க" என்று காட்டினாளாம். இதைத் தரகரே வந்து சொன்னார். அதன்பிறகு அவரும் எங்கள் பக்கம் வரவில்லை.

நான் அழவில்லை. அம்மாதான் அழுதார். நான் செபமாலையை உருட்டிக்கொண்டு, அவள் வீட்டுக் கூரை ஒழுக வேண்டும், அவள் முன்பல் விழ வேண்டும், அவள் சமைக்கிற குழம்பெல்லாம் ஊசிப்போக வேண்டும் என்று மாதாவிடம் கேட்டேன். மாதா காது கொடுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

ஈப்போ டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடை. வீட்டில் டிவியோடு இணைத்து விளையாடும் சின்னக் கம்ப்யூட்டர்கள் அப்போது புதிது. கடையை நடத்தியது ஒரு சீனத்து அம்மா. சின்னப் பெண் என்ற அர்த்தத்தில் என்னை 'அமோய்' என்று கூப்பிடுவார். மலாயில்தான் பேசிக்கொள்வோம். டைப்படிக்கத் தெரியும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டவர், ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டியை வரவழைத்தார். கறுப்பு வெள்ளை வீடியோ கேமராவை அந்தப் பெட்டியில் மாட்டினால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் மேலிருந்து கீழாகக் கோடுகோடாகக் கம்ப்யூட்டர் திரையில் இறங்கும். முழுதும் இறங்கும்வரை ஆள் அசையக் கூடாது. அதைப் பிரிண்டரில் அடித்து, காலண்டர் அட்டையில் ஒட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். 'கம்ப்யூட்டர் படம்' என்று சனங்கள் வரிசையில் நின்றார்கள்.

சொல்வதற்குச் சுலபம். ஆனால் கேமராவின் மென்பொருள் சேமித்த படத்தைப் பிரிண்டர் மென்பொருள் தொடவே தொடாது. இரண்டும் வேறுவேறு ஆட்கள் செய்தவை. ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. நடுவில் மூன்றாவது மென்பொருள் ஒன்றின் டிஸ்கைப் போட்டுப் படத்தை மாற்ற வேண்டும். படம் சாம்பல் நிறத்தில் பல சாயல்களோடு இருக்கும். பிரிண்டரிடம் இருப்பதோ ஒரே கறுப்பு ரிப்பன். புள்ளி குத்தும், அல்லது குத்தாது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதனால் எது கறுப்பாக வேண்டும், எது வெள்ளையாகப் போக வேண்டும் என்று அந்த டிஸ்க் ஒரு எண்ணைக் கேட்கும். எண்ணைக் குறைத்துக் கொடுத்தால் எல்லாம் வெளுத்துப்போகும். கூட்டிக் கொடுத்தால் எல்லாம் கறுத்துப்போகும். முகம் முகமாக வர நடுவில் ஓர் இடம் உண்டு. அது ஒவ்வொருவருக்கும் வேறு.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க என் கையையே கேமராவுக்கு முன்னால் நீட்டி நீட்டிப் பழகினேன். சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. என் கை காகிதத்தில் வெள்ளைக்காரி கையாகவும் வந்தது, அடுப்புக்கரியாகவும் வந்தது. என் வீட்டில் அன்று நடந்ததற்கு ஒரு பதில் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அப்போதே மனதில் பட்டது. யார் முகத்துக்கு அதைக் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆள்தான் கிடைக்க வேண்டும்.

தைப்பிங்கில் பள்ளி விடுமுறைக்கு ஒரு பெஸ்தா போட்டார்கள். ராட்டினம், பலூன் சுடுவது, பொம்மை எறிவது எல்லாம் உண்டு. அங்கே ஒரு கூடாரம் எடுக்கலாம் என்று முதலாளியம்மா சொன்னபோது, எனக்கு முன்னால் என் வாய் சரியென்றது.

தைப்பிங் மழையைச் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை மாலை கொட்டியது. திடலில் நடந்தவர்கள் எல்லாரும் எங்கள் தார்ப்பாய்க்குள் ஓடிவந்து ஒண்டினார்கள். அந்தக் கூட்டத்தில், புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, அவளும் வந்து நின்றாள். பக்கத்தில் அவள் தம்பி. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி, சிவந்த மேனிப் பெண்.

அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அன்று நான் பட்டுச்சேலையும் பூவுமாக நின்றேன். இன்று முடியை வெட்டி, சிலுவார் என்கிற நீளக் காற்சட்டையும் கடைச் சட்டையும் போட்டிருந்தேன். நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். என்னைவிட ஒரு குன்றிமணிகூட அவள் வெளுப்பில்லை.

"தங்கச்சி, முதல்ல இவங்க ரெண்டு பேரையும் எடு. அப்புறம் என்னத் தனியா எடுக்கணும். ஹால்ல மாட்டப் போறேன், நல்லா வரணும்லா."

"நல்லா வரும் அக்கா. உட்காருங்க."

தம்பியையும் மனைவியையும் ஒழுங்காகவே எடுத்தேன். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. படம் வந்ததும் கூட்டம் ஆகா என்றது. அடுத்து அவள் உட்கார்ந்தாள். விளக்கை லேசாக அவள் முகத்திலிருந்து விலக்கித் திருப்பினேன். டிஸ்க் எண்ணைக் கேட்டது. கொடுக்கக்கூடிய பெரிய எண்ணுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன்.

பிரிண்டர் கர்ரென்று கத்த ஆரம்பித்தது. வழக்கமாக அது விட்டுவிட்டுக் கத்தும். அன்று மூச்சுவிடாமல் கத்தியது. காகிதம் மேலே ஏற ஏற ஒரே மை. அந்த மைக்குள் இரண்டு கண்ணும், சிரித்த பல்லும், மூக்குத்தியும் மட்டும் வெள்ளை. காகிதத்தின் ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்டிருக்கும் பட்டையைக் கிழித்துவிட்டு அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு? இது நான் இல்ல."

"நீங்கதான் அக்கா."

"இவ்ளோ கறுப்பாவா நான் இருக்கேன்?"

"நம்ம ஆளுங்கதான் அக்கா பவுடர் போட்டு ஏமாத்துவாங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுலா. இருக்கிறத இருக்கிற மாதிரி போடும்."

மழைக்கு ஒண்டியிருந்த கூட்டம் எட்டிப் பார்த்தது. யாரோ ஒருவன் சிரித்தான். சிரிப்பு தொற்றிக்கொண்டது. கம்ப்யூட்டர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை என்று சனங்கள் நம்பிய காலம். "இன்னொரு தடவ எடு" என்றாள். எடுத்தேன். எண்ணை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். இரண்டாவதில் மூக்குத்தியும் காணாமல் போனது.

அவள் இரண்டையும் மேசைமேல் எறிந்துவிட்டு மழையிலேயே இறங்கி நடந்தாள். மனைவியை இழுத்துக்கொண்டு பின்னால் போன தம்பி, தார்ப்பாய் ஓரத்தில் நின்று ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு அது போதவில்லை. அதை ஒளிக்க மாட்டேன். அங்கே மழைக்கு ஒண்டியவர்கள் ஒரு கைப்பிடிப் பேர். என் படத்தைப் பார்த்ததோ ஒரு மாதாகோவில் முழுக்க.

பிரிண்டர் மென்பொருளில் படத்தைப் பெரிதாக்கும் வசதி ஒன்று உண்டு. ஒரே முகத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து அடிக்கும். பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் ஆளுயரத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலை, பெஸ்தா திறக்குமுன், டிஸ்கில் சேமித்து வைத்திருந்த அவள் முகத்தை எடுத்து அப்படி அடித்தேன். புது ரிப்பன் ஒன்று அதற்கே தீர்ந்துபோனது. ஒட்டி முடித்து, கூடார வாசலில், திடலுக்குள் நுழைகிற எவர் கண்ணுக்கும் தப்பாத இடத்தில் தொங்கவிட்டேன்.

முதலாளியம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"அமோய், யார் இது?"

"சாம்பிள்" என்றேன்.

"நல்ல எடுப்பாக இருக்கிறதே" என்று மலாயில் மெச்சிவிட்டு உள்ளே போனார்.

பூசை விட்டதும் சனம் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே ஒரு குரல் கேட்டது. "ஐயோ, இது நம்ம அக்காலா!" பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி போய் இன்னொருத்தியை அழைத்து வந்தாள். பல்லைப் பற்றிச் சொன்னார்கள், மூக்கைப் பற்றிச் சொன்னார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் தேன்மிட்டாய் மாதிரி வாயில் அதக்கிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் தம்பிக்காரன் தனியாக வந்தான்.

"அதக் கழட்டிருங்க. அக்கா வீட்ட விட்டு வெளிய வரமாட்டேங்குறாங்க."

"எங்கம்மாவும்தான் ரொம்ப நாள் வெளிய வரல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என் படம் உங்க வீட்லதானே இருக்கு? கொண்டாங்க. கழட்டுறேன்."

போய், சாயங்காலத்துக்குள் கொண்டுவந்தான். மூலைகள் மடங்கி, பல கை பட்டு அழுக்கேறிய படம். அதைக் கொடுத்துவிட்டு உடனே போயிருக்கலாம். போகாமல் நின்று, மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்கு எனக்கு உங்களப் பிடிச்சிருந்துச்சு. அக்காதான் என்ன வளத்தாங்க. அவங்கள மீறி நான் என்ன பேசுறது?"

அதுவரை என் கோபமெல்லாம் அவள்மேல்தான் இருந்தது. இவனை ஒரு பொருட்டாகவே நான் எண்ணியதில்லை. பிடித்திருந்தது என்று சொன்னானே, அந்த நொடியில் பற்றிக்கொண்டு வந்தது. பிடிக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தவனைக்கூட மன்னிக்கலாம்.

"உட்காருங்க" என்றேன். "உங்களையும் தனியா ஒன்னு எடுத்துத் தாரேன். காசு வேணாம்."

மன்னித்துவிட்டேன் என்று நினைத்தானோ என்னவோ, முகம் மலர்ந்து உட்கார்ந்தான். அசையாமல் இருக்கச் சொன்னேன். இருந்தான். அதில் அவன் கெட்டிக்காரன். திரையில் முகம் கோடுகோடாக இறங்கி முடிந்ததும், டிஸ்க் கேட்ட எண்ணுக்கு இருப்பதிலேயே சின்ன எண்ணைக் கொடுத்தேன். பிரிண்டர் கத்தவே இல்லை. காகிதம் மட்டும் தன்பாட்டில் நகர்ந்து ஏறியது. ஒரு புள்ளிகூட விழாத வெள்ளைத்தாளைக் கிழித்து அவனிடம் நீட்டினேன்.

"ஒன்னுமில்லையே இதுல?"

"ஒன்னுமில்லதான்."

புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கழுத்துவரை சிவந்தான். சொன்ன சொல்படி வாசலில் தொங்கியதை இறக்கி, சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு அவன் கையில் கொடுத்தேன். பாவம் என்று தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று கொஞ்சம் காத்துப் பார்த்தேன். தோன்றவே இல்லை.

இறக்குவதாகத்தான் வாக்கு. டிஸ்கை அழிப்பதாக நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஈப்போவுக்குத் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டுவார், பாவம் பழி என்று பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தவர், "எங்க, எனக்குக் காட்டு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கடையில் மறுபடி அந்தப் பட்டைகளை அடித்து, சுருட்டி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். அம்மா கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, அதைச் சமையலறைத் தரையில் விரித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அவ கண்ணு இவ்ளோ சின்னதாவா இருந்துச்சு? அன்னிக்கு நான் நிமுந்தே பாக்கல."

பிறகு கத்தரிக்கோலை எடுத்து, பட்டைகளைச் சாமான் அலமாரியின் மேல்தட்டு அளவுக்கு வெட்டி, அதிலிருந்த பழைய தாளை உரித்துவிட்டு விரித்தார். நெற்றிமேல் உப்புச் சாடி. கண்மேல் மிளகாய்த்தூள் டின். பல்லுக்கு நேராக எண்ணெய் போத்தலைத் தூக்கி வைத்து, ஒருமுறை அழுத்தித் திருகினார். இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"காகிதம் கெட்டியா இருக்கு. கீழ்த்தட்டுக்கும் ஒன்னு அடிச்சிட்டு வா."