புறவாசல் அடுப்பும் சுமைதாங்கிக் கல்லும்

எங்கள் புறவாசலில், பனையில் இறக்கும் அக்கானியைக் கருப்பட்டிக்குக் காய்ச்சும் அடுப்பு வெறும் மூன்று கல்தான். விடியலில் அதன் முன்னால் குத்தவைத்தால் உச்சிக்கு மேல்தான் எழும்ப முடியும். அந்தப் பங்குனியில் என் பெண்டாட்டிக்கு ஆறு மாசம். தலைப்பிள்ளை. குத்தவைத்தால் நடுமுதுகு பிடித்துக்கொள்ளும். மண்ணில் கையை ஊன்றித்தான் எழும்புவாள்.

அக்கானியை அன்றன்றே காய்ச்ச வேண்டும். வைத்தால் புளித்துவிடும். நான் பனையில் இருப்பேன். அம்மைக்குக் கண் மங்கிவிட்டது, பாகு பதம் தெரியாது. அவள்தான் காய்ச்சியாக வேண்டும்.

அதனால் புது அடுப்பு போட்டேன். முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, சுற்றிலும் காட்டுக்கல் அடுக்கி, களிமண் வைத்துப் பூசினேன். பானை தரைமட்டத்துக்கு வந்தது. வாயை மேற்கே வைத்தேன். காற்று முதுகில் அடித்தால் புகை முகத்துக்கு வராது. வாய்க்கு முன்னால் அவள் உட்கார ஒரு நீளக் கல் வேண்டும். அதுதான் கிடைக்கவில்லை.

என் அக்காள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்றுப் பிள்ளையோடு போனவள். அப்படிப் போனவளுக்கு வழியோரத்தில் சுமைதாங்கி நாட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கால்கல், மேலே ஒரு படுக்கைக் கல். தலைச்சுமைக்காரர்கள் அதில் இறக்கி வைத்து இளைப்பாறினால், சுமை இறங்காமல் போனவளுக்கும் ஆறுதல் என்பார்கள். அக்காளுக்கும் நாட்டினோம். பஸ் விட வேண்டி ரோட்டை அகலமாக்கியபோது அதைத் தள்ளிவிட்டார்கள். கால்கள் உடைந்தன. மேல்கல் ஓடையில் கிடந்தது.

அத்தானிடம் போய்க் கேட்டேன். அவர் அக்காளின் புருஷன், அதற்குள் வேறு கட்டியிருந்தார்.

"கொண்டு போ. இங்க கொண்டு வந்தா புதுசா வந்தவ என்னைய ஓடையில தள்ளிருவா" என்றார்.

இரண்டு பேருமாகத்தான் தூக்கி வந்தோம். வழியில் அவர், "உனக்க பெண்டாட்டிக்கு சிம்மாசனமால?" என்றார்.

"ஆமா."

"எனக்க பெண்டாட்டிய மண்ணுல இருத்தியே கொன்னேன்" என்றார். 

கல்லை வைத்து மண் அணைத்தேன். பெண்டாட்டி இருந்து பார்த்தாள். காலை நீட்டினாள். "கொள்ளாம், நல்லாருக்கு" என்றாள்.

அம்மை தடவிக்கொண்டே வந்தாள். கல்லின் மேல் ஒரு சின்னக் குழி உண்டு. கல் ரோட்டோரம் நின்றபோது செவ்வாய்க்கிழமை தோறும் அம்மை அதில்தான் எண்ணெய் விடுவாள். விரல் அங்கே போய் நின்றது.

"ஏலே, இது அவளுக்க கல்லுல்லா?"

"ஓடையில கெடந்து."

"கெடக்கட்டும். வயித்துப் பிள்ளைக்காரி இதுல இருக்கப்பிடாது. எடுத்துப் போடு."

"மாமி, எனக்குக் குத்தவெச்சு இருக்க முடியல்ல. நீங்க வந்து கிண்டுதியளா?" என்றாள் பெண்டாட்டி.

"எனக்குக் கண்ணு தெரியுமாட்டீ?"

"அப்பம் கல்லு இருக்கட்டு. மைனி உயிரோட இருக்கச்சில எனக்கு இருக்க ஒரு பலகை நீக்கிப் போட்டதில்ல. இப்பமாவது போடட்டும்."

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "செத்தவள வெச்சு வெளையாடாதட்டீ" என்று உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

சித்திரை, வைகாசி முழுவதும் பெண்டாட்டி அந்தக் கல்லில் இருந்துதான் காய்ச்சினாள். நடுவலி குறைந்தது. பனையிலிருந்து பார்த்தால் அவள் தலை தெரியும். புகை வேறு பக்கம் போகும்.

ஆனியில் ஒரு நாள் நான் இறங்கி வரும்போது அவள் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாகு முறுகும் நேரம். துடுப்பை என் கையில் தந்தாள்.

"நீரு கிண்டும். அடி பிடிச்சிரும்."

உள்ளே போனாள். நான் கிண்டினேன். பதம் பார்த்து இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றினேன். அதற்குள் மருத்துவச்சி வந்துவிட்டாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றாள். மறுநாள் வண்டி கட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் அவள் போய்விட்டாள், வண்டியைத் திருப்பினோம். பிள்ளை வெளியே வரவே இல்லை.

கல்லால்தான் என்று அம்மை சொன்னாள். பிள்ளை குறுக்கே கிடந்ததற்குக் கல் என்ன செய்யும்? அதை அம்மையிடம் சொன்னால் மட்டும் என்ன.

அடக்கம் முடிந்த மறுநாளே பனை ஏறினேன். பாளையைச் சீவாமல் விட்டால் காய்ந்துபோகும். இறக்கிய அக்கானியை நானே காய்ச்சினேன். கல்லில் இருக்கவில்லை. குத்தவைத்துத்தான் காய்ச்சினேன்.

பதினாறு கழிந்து அத்தான் வந்தார். புறவாசலில் நின்று கல்லைப் பார்த்தார்.

"இவளுக்கு நாட்ட வேற கல்லு தேடாண்டாம்" என்றார்.

கால்கல் இரண்டு புதிதாக உடைத்து வாங்கினோம். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக, கொண்டு வந்த வழியே அந்தக் கல்லைத் திரும்பக் கொண்டுபோனோம். ரோட்டை விட்டுத் தள்ளி நாட்டினோம். அடுப்பைப் பார்த்திருந்த விளிம்பு கறுத்துப் போயிருந்தது. நாரால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

மண்ணை மிதித்துக்கொண்டு நின்றபோது இராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரி கூடையோடு வந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கல்லைப் பார்த்ததும் நின்றாள்.

"எறக்கலாமா அண்ணாச்சி? மண்ணு ஈரம் காஞ்சிட்டா?"

"எறக்கு" என்றேன்.

கூடைக்கு ஒரு கை கொடுத்தேன். மீன்தண்ணீர் கல்லில் வடிந்தது. அவள் சும்மாட்டை உதறி முகம் துடைத்தாள். கரியைப் பார்த்தாள், எங்கள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூடையைத் தூக்கிவிட்டேன்.