நைனாவின் குரல் இருந்த டிஸ்க்

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு விசில் தேவைப்பட்டதே இல்லை. "ரைட்" என்று ஒரு தடவை சொன்னால் கூரைமேல் மூட்டை அடுக்குபவனுக்கும் கேட்கும். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று சென்னையில் டாக்டர் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு முன்பு வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டி அவரைப் பேசவைத்தேன். முதலில் கூச்சப்பட்டு, பஸ் நிற்கும் ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். பிறகு ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் போட்ட சண்டைகள், தெலுங்கில் வாங்கிய வசவுகள் என்று நிறுத்தாமல் பேசினார். எல்லாவற்றையும் பதிந்து வைத்தேன்.

நைனா பிழைத்துக்கொண்டார். கழுத்தில் ஒரு துளை, கையில் சைகை. அப்படியே இரண்டு வருடம் போனது. அப்போது கம்ப்யூட்டர் டிக் டிக்கென்று சத்தம்போட ஆரம்பித்தது. அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பாய்க்கு போன் செய்தேன்.

"டிஸ்க் போவப் போவுதுங்க. வெளியில மாட்டற ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் ஏத்திடுங்க" என்றார்.

சென்னைக்கு வேலையாகப் போனபோது ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். இருப்பதிலேயே அதிகம் கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னார். கையில் கனமாக இருந்தது. கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். திரையில் பதிவுகளின் பெயர்கள் வந்தன, அளவுகள் வந்தன. அந்த வாரமே கம்ப்யூட்டர் நின்றுபோனது. எனக்குப் பதற்றமே இல்லை. அதுதான் பத்திரமாக இருக்கிறதே.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதை மாட்டி, நைனாவின் பதிவு ஒன்றைத் திறந்தேன். திறக்கவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. கடைசியாக ஏற்றிய தெப்பத் திருவிழாப் படங்கள் மட்டும் பளிச்சென்று வந்தன. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு அரக்கோணத்துக்குப் பாயிடம் ஓடினேன்.

பாய் அந்தப் பெட்டியைத் திருகிப் பிரித்தார். உள்ளே டிஸ்க்கே இல்லை. இரண்டு இரும்பு நட்டுகளைப் பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவு ஒரு மெமரி சில்லு. அது நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதை எழுதியிருக்கிறது. பெயர்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

"இன்னாங்க இது!" என்றார் பாய். நட்டுகளைப் பெயர்த்து என் கையில் கொடுத்தார்.

வீட்டில் அவற்றை நைனாவின் உள்ளங்கையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவதற்காக வாயைத் திறந்தார். கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் செத்த டிஸ்க்கைத் தன் மேசையில் மாட்டிப் பார்க்கலாம் என்று பாய் போனில் சொன்னார். "ஒரு தபா ஓடினாலும் ஓடும். அதுக்குள்ள இழுத்துக்கணும். நம்பி ஏத்தற மாதிரி டிஸ்க் கொண்டாங்க."

மறுநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்ப, நைனாவும் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு ரயிலேறிவிட்டார். அரக்கோணத்துக் கடையில் சீல் போட்ட பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பிரிக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"உள்ள பிரிச்சா வாரண்டி போயிடும் பெரியவரே" என்றார் கடைக்காரர்.

நைனா சட்டைப்பையிலிருந்து நட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் விவரம் சொன்னேன். கடைக்காரர் முகம் மாறிவிட்டது. தன் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டி, நிறையும்வரை சினிமாப் படங்களாக ஏற்றி, முதலில் ஏற்றியதையும் கடைசியில் ஏற்றியதையும் நடுவில் சிலதையும் திறந்து காட்டினார். எல்லாம் ஓடின. பிறகு அவற்றை அழித்துக் கொடுத்தார். அதுவரை நைனா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. டிஸ்க்கின் எண்ணும் பில்லிலிருந்த எண்ணும் ஒன்றா என்றுகூட விரல்வைத்துப் பார்த்தார்.

பாயின் மேசையில் செத்த டிஸ்க் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு கரகரத்து நின்றது. பாதிக்கும் குறைவாகத்தான் புது டிஸ்க்குக்கு வந்து சேர்ந்தது. ஊர்ப் பெயர்கள் வரவில்லை, சண்டைகள் வரவில்லை.

மாலையில், பாய் வேறு டிஸ்க் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டரில், வந்ததை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றில் இருமல் மட்டும். அடுத்ததில் நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு வீடே அதிரும்படி அந்தக் குரல்: "இன்னாமே, குடிக்கத் தண்ணி கொண்டா!"

"ஆங், வந்துகினே இருக்கேங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

அம்மா சொம்போடு வாசற்படிவரை வந்துவிட்டாள். அங்கே நின்றாள். எங்களைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள். சொம்புத் தண்ணீர் தரையில் சிந்தியது. நைனாவின் கை தானாகக் கழுத்துக்குப் போயிருந்தது.

பிறகு அவர் எழுந்து போய்ச் சொம்பை வாங்கிக் குடித்தார்.