ஜோதிமணி கை ஓங்கிய நாள்

நாச்சிமுத்து கை நீட்டுகிற ஆள் என்பது பூண்டியில் ஊரறிந்த சங்கதி. இருபத்திரண்டு வருடமாய் அந்தக் கைக்கு வாக்கப்பட்டவள் ஜோதிமணி. பூண்டுக் காட்டில் களை எடுப்பதில் அவளை முந்த ஆள் கிடையாது, வாங்கிய அடியை மறைப்பதிலும்தான். ஒருமுறை அவன் அவள் மணிக்கட்டை முறித்தபோது, கொடைக்கானல் ஆஸ்பத்திரியில், "வரப்புல வழுக்கிருச்சுங்க" என்றாள். கட்டுப் போட்டவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

போன மாசியில் அவனுக்கு வயிறு கல்லாய் வீங்கி, மலத்தில் ரத்தம் போனது. மலைக்குக் கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, கட்டியிலிருந்து துளி சதையும் எடுத்துப் பார்த்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய், ஈரல்வரை பரவிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நாச்சிமுத்துவுக்கோ வேறு நினைப்பு. சும்மா கிடந்த கட்டியைக் கிள்ளி எடுத்ததால்தான் பரவியதாம். கிள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் பெண்டாட்டிதானே! வீட்டுக்கு வந்ததும் அடுப்புக் கொள்ளியை உருவி அவள் தோளில் தேய்த்தான்.

மறுநாள் வெள்ளனே, அந்தப் புண்ணோடு ஸ்கேன் படங்களைப் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஈரல்ல இருக்குறது வெறும் நீர்க்கட்டி மாதிரி தெரியுதும்மா. மறுபடி ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணணும். அப்படின்னா குடல்ல இருக்குறதை வெட்டி எடுத்துரலாம், பிழைக்க நல்ல வாய்ப்பிருக்கு. குடல் அடைச்சுட்டு வருது, உடனே கூட்டிட்டு வாங்க."

"சதை எடுத்ததாலதான் பரவிருச்சுங்குறாருங்க."

"அதனால எல்லாம் பரவாதும்மா."

திரும்பி வந்து அப்படியே சொன்னாள். "என்னைய அறுத்துப் போடவா ஆள் பிடிச்சுட்டு வந்திருக்க?" என்று மண்வெட்டியைத் தூக்கினான். பேருக்குத்தான் நோயாளி, வெறிக்கு ஒரு குறைச்சலும் இல்லை. முதல் வீச்சில் கதவு பிளந்தது. இரண்டாவது அவள் தொடையைக் கிழித்தது. அப்புறம் ஸ்கேன் படங்களை அள்ளி அடுப்பில் போடப் போனான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கைக்கு எட்டிய விறகை எடுத்து அவன் நெற்றியில் ஒரே போடாய்ப் போட்டாள்.

"பொழைக்க வழி இருக்குதாம். எந்திரிச்சு வண்டியில ஏறு. இல்ல, இன்னொண்ணு போடுவேன்."

அவன் மேல் ஆசையா என்றால் அவளுக்கே தெரியாது. பிழைக்கிற உயிரைப் படுக்கப்போட்டுச் சாகவிட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மதுரையில் மறு ஸ்கேனில் நீர்க்கட்டிதான் என்று உறுதியானது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நர்ஸ் அவன் நெற்றிக் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள்.

"இது எப்படி ஆச்சு?"

"வரப்புல வழுக்கிருச்சுங்க" என்றான் நாச்சிமுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"இல்லைங்க, நாந்தான் அடிச்சேன். எழுதிக்கங்க" என்ற ஜோதிமணி, கோணலாய் ஒட்டிய மணிக்கட்டை மேசைமேல் வைத்தாள். "இதையும் எழுதிக்கங்க. நானும் வரப்புல வழுக்கி விழல."