இரண்டு சிரட்டைப் புளியங்கொட்டை

தக்காளிச் செடியைத் தொட்ட விரலில் ஒரு பச்சை வாசம் ஒட்டிக்கொள்ளும். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. என் எட்டாவது வயதில் அந்த வாசம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

நாகர்கோவிலில் நாங்கள் வாடகைக்கு இருந்த 'லைன் வீட்டில்' மூன்று குடித்தனம், ஒரு கிணறு. கிணற்றடித் தண்ணீர் வடியும் இடத்தில், என் காலால் பதினாறு அடி நீளமும் ஒன்பது அடி அகலமுமாக ஒரு பொதுத்துண்டு மண். முதல் வீட்டு ஞானம் சித்தி, தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்த தக்காளியின் விதையைப் பாவி, அதில் பதினொரு செடி வளர்த்திருந்தாள். தண்ணீர் ஊற்றுவது முறைவைத்து. பழம் மூன்று வீட்டுக்கும் சமம்.

பள்ளிக்குப் போகுமுன் காய்களை எண்ணி, நல்லது இத்தனை, அழுகியது இத்தனை என்று சித்தியிடம் சொல்லாவிட்டால் எனக்கு வகுப்பில் இருப்புக் கொள்ளாது. சுட்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவேன். பிஞ்சை விரலால் 'சூண்டினால்', அதாவது விரல் நீட்டிச் சுட்டினால், அழுகிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. காய்கள் அடி கறுத்து விழத் தொடங்கியதும், மூன்றாம் வீட்டு நல்லபெருமாள் மாமா, பஸ் கண்டக்டர், என் கையைப் பிடித்து முகர்ந்தார்.

"இவன் வெரலுதாம் வெசம்" என்றார்.

அம்மாவுக்கு அவமானம். "இனி அந்தப் பக்கம் கால வைக்கப்பிடாது, கேட்டியா?" என்றாள்.

செடிப்பக்கம் போக முடியாததைவிட, மாமா சொன்னதை நான் நம்பிவிட்டதுதான் கொடுமை. சுட்டுவிரலை நீட்டி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் சோறு தின்றேன். எதைத் தொட்டாலும் அழுகுமோ என்று பயம்.

எட்டு நாள் கழித்துச் சித்தி என்னைப் புறவாசலுக்குக் கூப்பிட்டாள். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் புளியங்கொட்டை.

"இத எண்ணு மக்கா."

"ஏழு."

"நீ எண்ணிக்கிட்டிருந்த கடைசி எட்டு நாளுல அழுவுனது. நீ சொன்ன கணக்குதான். இது?"

"ஒம்பது."

"நீ வராத எட்டு நாளுல அழுவுனது. அப்போ ஒன் வெரலு வெசமா, மருந்தா?"

குழம்புக்கு மிளகாயைக்கூட எண்ணிப் போடாதவள் சித்தி. எண்ணுவது அவளுக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவள் எட்டு நாளாகச் செடியடியில் குனிந்து, அழுகிய காய்களை எனக்காக எண்ணியிருக்கிறாள்.

சிரட்டைகளை மாமாவின் முன்னால் வைத்து, "அண்ணாச்சி, நீங்களே பாத்துக்கிடுங்க" என்றாள். அவர் இரண்டு தடவை எண்ணினார். டிக்கெட் கணக்குப் பார்ப்பவர். எண்ணிக்கையோடு வழக்காட மாட்டார்.

"நாளையில இருந்து வந்து எண்ணுலே. வெரல மட்டும் மடக்கிக்கோ" என்றார்.

அன்று மதியம் ஐந்து விரலாலும் சோறு தின்றேன்.

அந்த லைன் வீடு இப்போது இல்லை. செடிகள் நின்ற இடத்தில் இரண்டு கார்கள் நிற்கின்றன. சித்தியும் மாமாவும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். நான் இருக்கும் அடுக்குமாடியில் ஆறு வீட்டுக்கும் பொதுவான மொட்டைமாடியில் நான்கு சாக்குகளில் தக்காளி வைத்திருக்கிறேன். எண்ணாமல் எனக்குக் காப்பி இறங்காது. விரலை மடக்கித்தான் எண்ணுகிறேன். இன்று காலை இருபத்து மூன்று. இரண்டின் அடி கறுத்திருந்தது. அவற்றையும் சேர்த்துத்தான் எண்ணினேன். சித்தி எனக்காக எண்ணியவை அழுகியவைதானே.