காந்தத்துக்குள் போன கோடு

முதலியார்பேட்டையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் டீச்சர். 2009 வாக்கில் எங்கள் பள்ளிக்கு ஒப்பந்தத்தில் ஒரு கம்ப்யூட்டர் டீச்சர் வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கோரிமேட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள், அதிகம் பேசமாட்டாள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, காந்தப் புலத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியவில்லை என்று அவளிடம் புலம்பினேன். இரும்புத் தூளைக் காகிதத்தில் தூவிக் காட்டினால் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். காந்தத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் புலம் இருக்கிறது என்பது அவர்கள் மனசில் ஏறவே இல்லை. மூன்று வாரம் கழித்து ஓர் அட்டையோடு வந்தாள். அதில் ஒரு கறுப்புச் சதுரம், வேறொன்றும் இல்லை.

“கேமரா முன்னாடி பிடிங்க மேடம்.”

பிடித்தேன். கம்ப்யூட்டர் திரையில் என் கை, கையில் அட்டை, அட்டையின் மேல் கண்ணாடி போல ஒரு காந்தம்! அதைச் சுற்றி நாலா பக்கமும் நீலக் கோடுகள் வளைந்து நின்றன. அட்டையைத் திருப்பினால் காந்தமும் திரும்பியது.

“இதுக்குப் பேரு ஆக்மென்டட் ரியாலிட்டி” என்றாள். இலவசமாகக் கிடைத்த மென்பொருளை வைத்து வீட்டில் உட்கார்ந்து செய்திருக்கிறாள். யாரும் செய்யச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பை லேபுக்கு அழைத்துப்போனேன். கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிற ஒருத்தி, எதையும் கேட்காமல் விடமாட்டாள். அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“மிஸ், கோடு காந்தத்துக்குள்ளயும் போவுதே? வடமுனைல ஆரம்பிச்சு தென்முனைல முடிஞ்சிரும்னு சொன்னீங்க?”

எட்டிப் பார்த்தேன். போகத்தான் செய்தது. “அது ப்ரோக்ராம்ல தப்பு. டீச்சர் கம்ப்யூட்டர் படிச்சவங்க, பிசிக்ஸ் தெரியாது” என்று சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தார்கள்.

“சூத்திரத்துல வந்ததைத்தான் போட்டேன் மேடம்” என்றாள் பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர் டீச்சர், மெதுவாக.

சாயங்காலம் என் பி.எஸ்சி. புத்தகத்தை எடுத்தேன். வெளியே வடமுனையிலிருந்து தென்முனைக்கு, உள்ளே தென்முனையிலிருந்து வடமுனைக்கு. தொடக்கமும் முடிவும் இல்லாத வளையம். படிக்கிற காலத்தில் நானே பென்சிலால் அடிக்கோடு போட்ட வரி அது. பதினோரு வருஷமாகக் கரும்பலகையில் கோட்டைக் காந்தத்தின் ஓரத்திலேயே நிறுத்தியிருக்கிறேன். அதைவிட, பிள்ளைகள் முன்னால் அவளைச் சொன்னதுதான் குத்தியது.

மறுநாள் அவளையும் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். “நேத்து தப்புன்னு சொன்னேனே, தப்பு என்னுது. டீச்சர் போட்டதுதான் சரி” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். “மன்னிச்சிடும்மா.”

அவள் பதறிப்போனாள். “ஐயோ மேடம், நீங்க சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சி. எங்க தப்பு விட்டேன்னு வீட்ல போய்த் தேடிட்டு இருந்தேன்!”

வகுப்பே சிரித்தது. நாங்களும்.

அடுத்த வருஷம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பெங்களூரில் வேலை கிடைத்துப் போனாள். போகுமுன் லென்ஸ், மின்சுற்று என்று இன்னும் நாலு அட்டைகள் செய்து, இயக்குவது எப்படி என்று என் நோட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். அந்தக் கம்ப்யூட்டர் ஓடிய வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் அதை வைத்துத்தான் பாடம் நடத்தினேன்.

என் பாடத்தை எனக்கே திரும்பச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவளும், கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும். இப்போதெல்லாம் ஒரு பிள்ளை “மிஸ், இது சரியா?” என்றால், சட்டென்று பதில் சொல்வதில்லை. “இரு, பாத்துச் சொல்றேன்” என்கிறேன்.