மாமா போட்ட புள்ளடிகள்

நாளைக்குக் கல்லடியில் என் மாமா எழுதிய ஜாஸ் இசையை வாசிக்கப் போகிறேன். நடுவில் பதினொரு இடத்தில் என் கிளாரினெட் கீச்சிடும். காதைப் பொத்துகிறவர்கள் தாராளமாகப் பொத்திக்கொள்ளலாம், நான் நிறுத்தப்போவதில்லை. இருபது வருசத்துக்கு முன்பே கீச்சிட்டிருக்க வேண்டியது அது.

மாமா, அம்மாவின் தம்பி. தையல் மெசின் திருத்துவார். மற்ற நேரமெல்லாம் ரேடியோவில் ஜாஸ் கேட்பார், தானும் எழுதுவார். ஊரில் ஒரு வாத்தியக் குழுவும் அதைத் தொடவில்லை. “இவன்ட பாட்டைக் கேட்டா வயல் வட்டைக்குள்ள நிக்கிற மாடும் கயித்த அறுத்திட்டு ஓடும்” என்பார் அம்மா.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கோயில் பாண்ட் குழுவில் கீச்சுச் சத்தம் வராமல் கிளாரினெட் வாசிக்கிற ஒரே ஆள் நான்தான் என்ற திமிர் வேறு. அந்த வருசக் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் தனியாக வாசிக்க எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. மாமாவிடம் சொன்னதுதான் தாமதம், ‘பாலத்தில் சைக்கிள்’ என்று தலைப்பிட்ட நாலு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து அவர் கேட்டதே இல்லை.

“எழுதினத எழுதினபடியே வாசி, புள்ள. மறுகா கதைப்பம்” என்றவர், மெசின் திருத்தக் கரடியனாற்றுக்குப் போய்விட்டார். ஒளிவிழா அன்றுதான் திரும்பினார்.

தாளைப் பார்த்தால் பதினொரு சுரத்தின் மேல் பென்சிலால் பெருக்கல் குறிபோலப் புள்ளடி. பள்ளிக்கூடத்தில் புள்ளடி என்றால் பிழை. பாவம் மாமா, தன் பிழையைத் தானே கண்டுபிடித்திருக்கிறார், திருத்தத்தான் நேரமில்லை என்று நினைத்தேன். என் புத்தியைப் பாருங்கள்! அத்தனையையும் அழிறப்பரால் அழித்து, இனிமையான சுரங்களாகப் பார்த்து எழுதி வைத்தேன்.

மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். முதல் புள்ளடி இருந்த இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார். வாயில் கிளாரினெட், சிரிக்க முடியாது; அவரைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் புருவத்தை உயர்த்திக் காட்டினேன். முடிந்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. “என்ட தம்பிட பாட்டுத்தான்” என்று அம்மா பக்கத்துக் கதிரைக்காரியிடம் முதல்முறையாகச் சொன்னார்.

பழைய கல்லடிப் பாலம் ஒடுக்கம். எதிரே வாகனம் வரும்போதெல்லாம் மாமாவின் சைக்கிள் பிறேக் கீச்சென்று கத்தும். புள்ளடி அந்தச் சத்தம்தான். வாயில் வைத்த ரீட்டை, அந்த நாணல் தகட்டை, கடித்து வேண்டுமென்றே கீச்சிட வேண்டிய இடம். மாமா செத்து நாலு வருசம். போன மாதம் அவருடைய பெட்டியில் அகப்பட்ட கொப்பியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இருந்த காலத்தில் ஒரு தரமும் அவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. ஒளிவிழாவுக்குப் பிறகு எதையும் எழுதவும் இல்லை.

அன்று மண்டபத்து வாசலில் என் தலையைத் தடவினார்.

“சோக்கா வாசிச்ச, புள்ள. ஒரு பிழையும் இல்ல.”

அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.