சாம்பிராணியும் ஊதா விளக்கும்

பிள்ளை பார்த்துக்கொள்ளும் தொழிலில் பால் பாட்டிலைவிட மூக்குத் துடைக்கும் துணிதான் அதிகம் வேண்டும். நாலு பிள்ளைகளை ஒரே ஹாலில் வைத்து மேய்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எண்பதுகளில், என் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபிறகு, நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸிலேயே நாலு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்டேன். அதில் நாலு வயசுக் கவிதாவுக்கு அடிக்கடி மூச்சிழுப்பு வரும். அவள் அம்மா ராஜேஸ்வரி டைப்பிஸ்ட். பல வருஷம் கான்ட்ராக்டில் இருந்து அப்போதுதான் பெர்மனென்ட் ஆகியிருந்தாள். "இன்னும் ரெண்டு தடவை இப்படி இழுத்தா வேலையை விட்டுடுவேம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ராத்திரியே வீட்டில் இதைச் சொன்னேன்.

பொட்டு வைத்த பெட்டி

எலக்ட்ரீஷியனாக இருந்த என் பெரியவன் சேகர், ஹால் வென்டிலேட்டரில் ஒரு தகரப் பெட்டியைப் பொருத்தினான். வெளிக்காற்றை உள்ளே இழுக்க ஒரு ஃபேன், நிலக்கரித் தூசிக்கு ஒரு துணி, அதற்குப் பின்னால் ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற மாதிரி ஒரு புற ஊதா ட்யூப். "காத்துல வர்ற கிருமி இதுல செத்துடும்மா. எரியும்போது மட்டும் திறந்துடாதே, கண்ணு கெட்டுடும்" என்றான். எரிகிறதா என்று பார்க்கச் சின்னதாக ஒரு கண்ணாடியும் வைத்திருந்தான்.

நல்ல காரியமாயிற்றே என்று பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்த சேகர் அண்ணாந்து பார்த்துச் சொன்னான்: "இனிமே கிருமியும் கன்னத்துல போட்டுக்கிட்டுத்தாம்மா சாகும்."

பக்கத்து வீட்டுக் கருவாடு

நாங்கள் சைவம். பக்கத்து வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தார்கள். பெட்டி அந்த வாசனையை அப்படியே இழுத்து எங்கள் ஹாலில் கொட்டியது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கிருமி சாகிற பெட்டி" என்று பெருமையும் பேசிக்கொண்டு நின்றேன். காடாம்புலியூரிலிருந்து பலாச்சுளை கொண்டு வருகிற அஞ்சலை சிரித்த சிரிப்பில் கூடையே ஆடியது: "ஏம்மா, கிருமியக் கொன்னுட்டு கருவாட்ட உள்ள வுட்டுக்கினு இருக்குதே உங்க பெட்டி!"

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை

பெட்டி ஓடியும் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவிதாவுக்கு இழுத்தது. ராஜேஸ்வரி ஹேண்ட்பேக்கைத் தட்டிக் காட்டி, "லெட்டர் எழுதி வெச்சுட்டேம்மா. அடுத்த வெள்ளி வரைக்கும் பார்ப்பேன்" என்றாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் சாமிதான். அடுத்த வெள்ளி, வழக்கத்தைவிட இரண்டு பிடி கூடுதலாகச் சாம்பிராணி போட்டேன். நல்ல காற்றோடு சாமி புகையும் சேர்ந்து போகட்டும் என்று தூபக் கரண்டியைப் பெட்டிக்கு நேர் கீழே வைத்தேன். வருகிற காற்று புகையை மூலை முடுக்கெல்லாம் பரப்பியது. நான் கண்மூடி, "முருகா, இந்தப் பிள்ளைக்கு மூச்சு சீராகட்டும்" என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வாசற்படிக்கு ஓடிப்போய்ப் பாவாடையால் மூக்கை மூடிக்கொண்டிருந்த கவிதா, சாமி படத்தைப் பார்த்துக் கேட்டாள்: "பெரியம்மா, சாமிக்கு இருமலே வராதா?"

லெட்டர்

கரண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினேன். நினைத்துப் பார்த்தால், இழுப்பு வந்ததெல்லாம் நான் சாம்பிராணி போட்ட செவ்வாயும் வெள்ளியும்தான். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ராஜேஸ்வரியிடம் மறைக்காமல் சொன்னேன். "தப்பு என்னுதுதாம்மா. இனிமே புகையெல்லாம் கொல்லையில, துளசி மாடத்துக்கு மட்டும். நீ நம்பினா பிள்ளையை இங்கேயே விடு, இல்லேன்னா கூட்டிட்டுப் போ." அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை காலையில் கவிதா வருகிற வரைக்கும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாலில் விளக்கு மட்டும் ஏற்றினேன். வெள்ளிகள் வந்தன, போயின, பிள்ளைக்கு இழுக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஹாலுக்குள் காகித ராக்கெட் ஒன்று பறந்து வந்தது. பின்னாலேயே வந்த ராஜேஸ்வரி சிரித்தாள்: "அது என் ராஜினாமா லெட்டர்தாம்மா. உங்க பெட்டிக் காத்துக்கு நல்லாத்தான் பறக்குது!"

வெளியிலிருந்து வந்த கிருமிகளை என் மகனின் விளக்கு பார்த்துக்கொண்டது. உள்ளே நெற்றி நிறைய விபூதியோடு நின்ற என்னைக் கண்டுபிடிக்கத்தான் நாலு வயசுக் கவிதா தேவைப்பட்டாள்.